மழை மேல் பழி போடாதீர்கள்

ஃபார்முலா 1 கார் பந்தயத்தில் யார் எந்த இடத்திலிருந்து கிளம்புவது என்று முடிவு செய்யும் தகுதிச் சுற்று மழையால் தள்ளிப்போனால் போதும், ரசிகர் குழுக்களில் இரண்டு புலம்பல்கள் கிளம்பிவிடும். "இந்தக் காலத்து டிரைவர்களுக்குப் பயம், அந்தக் காலத்து சாம்பியன் சென்னா இதைவிடப் பெரிய மழையில் ஓட்டினார்" என்பது ஒன்று. "மழை வந்துட்டா எல்லாம் லாட்டரிதான்" என்பது இன்னொன்று. எனக்கு இரண்டும் ஒப்பவில்லை. மழை எல்லார் மேலும்தான் பெய்கிறது. கோளாறு வருவது ஓட்டத்தை நிறுத்தும் சிவப்புக் கொடியை எப்போது காட்டுகிறார்கள், கடிகாரத்தை எப்போது நிறுத்துகிறார்கள் என்பதில்தான்.

2024 நவம்பரில் பிரேசிலில் நடந்த சாவ் பாவ்லோ பந்தயத்தை எடுத்துக்கொள்வோம். தீபாவளி முடிந்த வாரக் கடைசி. சனிக்கிழமை நம் நேரம் இரவு பதினொன்றரைக்குத் தொடங்க வேண்டிய தகுதிச் சுற்று. அங்குள்ள இன்டர்லாகோஸ் டிராக்கில் கொட்டிக்கொண்டே இருந்தது. டிராக் எப்படி இருக்கிறது என்று சேஃப்டி கார் போய்ப் பார்ப்பதும் திரும்புவதுமாக இருக்க, அங்கே இருட்டத் தொடங்கிவிட்டது. இங்கே நமக்கு நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு மேல் "நாளை காலை" என்று அறிவித்தார்கள். கண்ணைக் கசக்கிக்கொண்டு காத்திருந்ததற்கு எரிச்சல் வந்தது உண்மைதான். ஆனாலும் அந்த முடிவில் எனக்குக் குறை இல்லை.

குறை மறுநாள் காலை நடந்ததில். உள்ளூர் நேரம் ஏழரைக்குத் தொடங்கிய சுற்றில் ஐந்து முறை சிவப்புக் கொடி. கொலபின்டோ, சைன்ஸ், ஸ்ட்ரோல், அலோன்சோ, ஆல்பன் என்று வரிசையாகச் சுவரில் இடித்தார்கள். ஆல்பனின் காரைச் சில மணி நேரத்தில் சரிசெய்ய முடியாமல் அவரால் பந்தயத்தில் இறங்கவே முடியவில்லை. தகுதிச் சுற்றில் மூன்று கட்டங்கள்; முதல் இரண்டிலும் பின்தங்கியவர்கள் வெளியேறிவிடுவார்கள். இதில் ஸ்ட்ரோல் இடித்தது இரண்டாம் கட்டத்தின் கடைசி நொடிகளில். கார் உடைந்து நிற்கிறது, சிவப்புக் கொடி உடனே வரவில்லை. வந்தபோது கடிகாரத்தில் ஒரு நிமிடம்கூட மிச்சமில்லை. வெளியே வந்து டிராக்கை ஒரு முறை சுற்றி (அதுதான் அவுட் லேப்), நேரம் கணக்கிடும் வேக லேப்பைத் தொடங்க அது போதாது. அவ்வளவுதான், அந்தக் கட்டம் முடிந்தது. சாம்பியன் வெர்ஸ்டாப்பன் 12ஆவது இடத்தோடு வெளியேறினார். இன்ஜின் மாற்றியதற்கான ஐந்து இட அபராதமும் சேர்ந்து, கிரிட்டில், அதாவது பந்தயம் கிளம்பும் வரிசையில், 17ஆவது. சுவரில் இடித்தால் உடனே கொடி வர வேண்டாமா, இதற்கு ஏன் முப்பது நாற்பது நொடி என்று அவர் கொதித்தார். அவருக்கு நான் விசிறி இல்லை, ஆனால் கேட்டது சரியான கேள்வி.

காய்ந்த டிராக்கில் இது பெரிய விஷயம் இல்லை. முதல் முயற்சியிலேயே ஒரு நல்ல நேரம் கையில் இருக்கும். ஈரத்தில் அப்படி இல்லை. மழை விட்டு, கார்கள் ஓட ஓட, ஒரு பாதை காய்ந்துகொண்டே வரும். பெரும்பாலும் கடைசி லேப்தான் சிறந்த லேப். அந்த ஒரு லேப்புக்காகவே எல்லாரும் டயரையும் பேட்டரியையும் தயார் செய்துகொண்டு வருகிறார்கள். பரீட்சை முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது ஒருவன் மயங்கி விழுந்தான் என்பதற்காக எல்லார் விடைத்தாளையும் பிடுங்கிக்கொண்டால் எப்படி?

நான் கேட்பது சின்ன மாற்றம். ஈரமான தகுதிச் சுற்று என்று அறிவித்த பிறகு, ஒரு கட்டத்தின் கடைசியில் சிவப்புக் கொடி வந்தால், டிராக்கைச் சுத்தம் செய்த பின் ஒரு அவுட் லேப்புக்கும் ஒரு வேக லேப்புக்கும் போதுமான நேரத்தைக் கொடுத்துவிடுங்கள். இடித்தவரைத் தண்டிக்க வேண்டாம். அமெரிக்க இண்டிகாரில் சிவப்புக் கொடிக்குக் காரணமானவரின் சிறந்த லேப் நேரங்களைப் பறித்துவிடுவார்கள். மழையில் அதைச் செய்தால் எல்லாரும் பொத்திப் பொத்தி ஓட்டுவார்கள், அப்புறம் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கொடி தாமதமானால் இடம்தான் போகும் என்றில்லை. 2021இல் பெல்ஜியத்தின் ஸ்பா டிராக்கில், தகுதிச் சுற்றின் மூன்றாம் கட்டம் தொடங்கும்போதே மழை வலுத்துவிட்டது. சிவப்புக் கொடி காட்டுங்கள் என்று டிரைவர் வெட்டல் ரேடியோவில் கத்தினார். சற்று நேரத்தில், முதல் இரண்டு கட்டங்களிலும் முதலிடத்தில் இருந்த நாரிஸின் கார் ராடியோன் ஏற்றத்தில் சுவரில் மோதிச் சுழன்றது. 2019இல் ஃபார்முலா 2 டிரைவர் ஆன்துவான் ஊபேர் உயிரிழந்த அதே பகுதி. வெட்டல் காரை மெதுவாக்கி, நாரிஸ் நன்றாக இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் போனார். மறுநாள் மழையில் சேஃப்டி காரின் பின்னால் சில லேப் ஊர்வலம் போனதோடு சரி, பாதிப் புள்ளிகள் கொடுத்து முடித்துவிட்டார்கள். அதாவது சனிக்கிழமை தகுதிச் சுற்று வரிசையே கிட்டத்தட்ட பந்தய முடிவும் ஆனது. அன்று பின்வரிசை அணியாக இருந்த வில்லியம்ஸின் காரில் ரஸ்ஸல் இரண்டாம் இடம்! அன்று தகுதிச் சுற்றுக்கு இருந்த எடை அவ்வளவு.

பயம் என்று பேசுபவர்களுக்கு ஒரு கணக்கு. பிரெல்லி நிறுவனத்தின் ஃபுல் வெட் டயர், அதாவது கனமழைக்கான டயர், 300 கிலோமீட்டர் வேகத்தில் நொடிக்கு 85 லிட்டர் தண்ணீரை வாரி இறைக்கும். இறைத்த தண்ணீர் பின்னால் வருபவரின் கண் முன்னால்தான் எழும்பி நிற்கும். அதைத் தடுக்க 2023இல் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோனில் சக்கரங்களுக்கு மூடி போட்டுக்கூடச் சோதித்தார்கள், பெரிதாகப் பலன் இல்லை. எதிரே ஒன்றும் தெரியாமல் ஓட்டுவதற்குப் பெயர் துணிச்சல் இல்லை.

லாட்டரி என்பவர்களிடம் 2010 இன்டர்லாகோஸைக் காட்டுவேன். டிராக் காயத் தொடங்கிய நேரத்தில் உலர் டயருக்கு மாறி, ஹல்கன்பெர்க் வில்லியம்ஸ் காரில் ஒரு நொடிக்கும் மேல் வித்தியாசத்தில் போல், அதாவது தகுதிச் சுற்றின் முதலிடம், எடுத்தார். அதிர்ஷ்டத்தில் ஒரு நொடி கிடைக்காது. 2022இல் அதே இடத்தில் மேக்னஸன் ஹாஸ் அணிக்கு முதல் போல் வாங்கிக்கொடுத்ததும், கார்கள் டிராக்குக்கு வெளியே வரும் பிட் லேனில் முதல் ஆளாய் நின்று வெளியே வந்ததால்தான். ரஸ்ஸல் சரளையில் சிக்கிச் சிவப்புக் கொடி வந்தது, கூடவே மழையும் வந்தது. கடிகாரத்தில் நேரம் இருந்தும் யாராலும் அவரை முந்த முடியவில்லை. நான் சொல்லும் விதி அன்று இருந்திருந்தாலும் அந்தப் போல் அவருடையதுதான்.

"2024 சாவ் பாவ்லோவில் 17இலிருந்து வெர்ஸ்டாப்பன் ஜெயிக்கவில்லையா, போலில் இருந்த நாரிஸ் ஆறாவதாகத்தானே வந்தார்?" என்று கேட்பீர்கள். ஜெயித்தார், அபாரமாக ஜெயித்தார். ஆனால் அவர் திறமையை வைத்து விதியின் ஓட்டையை நியாயப்படுத்த முடியாது. அதே நிலை நடுவரிசை அணி ஒன்றின் டிரைவருக்கு வந்திருந்தால் பேச்சே எழுந்திருக்காது. தொலைக்காட்சி நேரம் இடிக்கும் என்பது மட்டும்தான் இதற்கு எதிராக நான் கேட்ட உருப்படியான வாதம். ஒரு மணி நேரச் சுற்று அன்று காலை ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டியது. இன்னும் மூன்று நிமிடம் போயிருந்தால் யார் டிவியை அணைத்திருப்பார்கள்?