கருப்பனுக்கும் ஒரு வரி

ரெண்டு நாளாக யார் பக்கத்தைத் திறந்தாலும் அந்த ஸ்க்ரீன்ஷாட்தான். எந்தப் படம், எந்தச் சேனல் என்று மறுபடி சொல்லத் தேவையில்லை. கருப்பசாமிக்குப் படையல். தலைவாழை இலை, கறிச்சோறு, சாராயப் பாட்டில், நாலு சுருட்டு. அடியில் "புகை பிடிப்பது புற்றுநோயை உண்டாக்கும், உயிரைக் கொல்லும்". "சாமிக்கே கேன்சரா", "எடிட்டருக்கு மூளை இருக்கா" என்று ஆயிரக்கணக்கில் ஹாஹா. சிரித்து முடித்தாச்சா?

மூளை இருக்கிறது. இருந்ததால்தான் அந்த வரி அங்கே வந்தது.

2003-ஆம் வருட புகையிலைச் சட்டத்தின் கீழ் 2012 அக்டோபர் 2 முதல் நடைமுறையில் இருக்கும் விதி இது: புகையிலைப் பொருளோ அதைப் பயன்படுத்துவதோ திரையில் தெரிகிற நேரம் முழுக்க, கீழே எச்சரிக்கை நிற்க வேண்டும். பற்றவைத்திருக்க வேண்டும் என்றில்லை. ஒரு மனிதர் வாயில் இருக்க வேண்டும் என்றும் இல்லை. இலையில் சும்மா கிடக்கும் சுருட்டும் புகையிலைப் பொருள்தான். கருப்பன் காவல் தெய்வம், அவருக்கு விலக்கு உண்டு என்று விதியில் எங்கேயும் எழுதவில்லை.

இந்த வரி தானாக வந்து உட்காருவதில்லை. எடிட்டிங் பூட்டிய பிறகு ஒருவர் முழுப் படத்தையும் ஷாட் ஷாட்டாக ஓட்டி, புகையிலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று மணி, நிமிடம், விநாடி கணக்கில் டைம்கோடு பட்டியல் எடுக்க வேண்டும். ஹீரோ வாயில் இருப்பது யார் கண்ணிலும் படும். தப்பிப்பது மற்றவை. டீக்கடை ஷாட்டில் பாய்லருக்குப் பின்னால் தொங்கும் பீடிக்கட்டு. கூட்டத்தில் மூன்றாவது வரிசை ஜூனியர் ஆர்ட்டிஸ்ட். போலீஸ் ஸ்டேஷன் மேஜையில் ஆஷ்ட்ரேயில் கிடக்கும் சிகரெட் துண்டு. சட்டைப் பையில் எட்டிப் பார்க்கும் பாக்கெட் என்றால் இன்னொரு வேலை கூடுதல்: பிராண்ட் பெயர் தெரியக்கூடாது, மறைக்க வேண்டும்.

ரெண்டு பேர் பேசுகிற காட்சியில் ஒருவர் மட்டும் பிடிக்கிறார் என்று வையுங்கள். ஷாட் மாறி மாறி வரும்போது விதிப்படி மட்டும் போட்டால் வரி வரும், போகும், மறுபடி வரும். அந்த மினுக்கல் சிகரெட்டைவிடக் கண்ணை இழுக்கும். அதனால் பெரும்பாலும் காட்சி முடியும்வரை அப்படியே விட்டுவிடுவார்கள். விதி கேட்பது வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எழுத்து. வெள்ளைப் பட்டை இருட்டுக் காட்சியில் ட்யூப்லைட் மாதிரி அடிக்கும் என்று பல படங்களில் வெறும் வெள்ளை எழுத்து போடுகிறார்கள்; அது வேட்டி மேல் விழுந்தால் காணாமல் போகும். சப்டைட்டில் இருந்தால் அதை மேலே தள்ள வேண்டும். ஒவ்வொரு மொழிப் பதிப்புக்கும் அந்தந்த மொழியில் வரி தேவை. அதற்காக எழுத்தே இல்லாத ஒரு மாஸ்டர், அதாவது மூலப் பிரதி, தனியாக இருக்க வேண்டும். அதை மறந்துவிட்டால் தெலுங்குப் பதிப்பில் தமிழ் வரி ஓடும். ஒரு இடம் விட்டுப்போனது டிசிபி (தியேட்டருக்குப் போகும் டிஜிட்டல் பிரதி) எடுத்தபின் தெரிந்தால் அந்த ரீலை மறுபடி ரெண்டர் செய்ய வேண்டும், ரிலீஸ் தேதி கழுத்தில் உட்கார்ந்திருக்கும்போது.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்தவரைத்தான் ரெண்டு நாளாக லூசு என்கிறீர்கள்.

சரி, கோபம் வர வேண்டிய இடம் எது? இந்தச் சட்டம் சிகரெட்டை எண்ணுகிறது. காட்சியைப் பார்ப்பதில்லை.

ஹீரோ அறிமுகம். விநாடிக்கு 96 ஃபிரேமில் எடுத்த ஸ்லோ மோஷன். புகை முன்னால் வரும் வெளிச்சத்தில் தெரியாது, பின்னால் இருந்து அடித்தால்தான் தெரியும் என்று அதற்காகவே ஒரு பெரிய லைட்டை முதுகுக்குப் பின்னால் வைப்பார்கள். கேமரா முட்டிக்குக் கீழே. தீக்குச்சி உரசும் சத்தத்தைத் தனியாகப் பதிவு செய்து ஏற்றி வைப்பார்கள். விசில் கிழியும். கீழே அதே வரி. அடுத்த காட்சியில் ஒரு கிழவர் இருமி இருமிச் சாகிறார், பக்கத்தில் அணைந்த பீடி. கீழே அதே வரி. அதே எழுத்து, அதே அளவு. முதல் காட்சி புகையிலைக்கு விளம்பரம், ரெண்டாவது எதிர்ப் பிரசாரம். சட்டத்துக்கு ரெண்டும் ஒன்று. விசில் அடிக்கிறவன் குனிந்து கீழே வாசிப்பான் என்று யார் நம்பினார்களோ தெரியவில்லை.

விளைவு என்ன? வரி சுங்கச்சாவடி ஆகிவிட்டது. கட்டணம் கட்டினால் வண்டி போகலாம். படத் தொடக்கத்தில் 30 விநாடி விழிப்புணர்வுப் படம், 20 விநாடி அறிவிப்பு. இடைவேளை முடிந்ததும் இன்னொரு தடவை. ஆக 100 விநாடி, பாதிக் கூட்டம் பாப்கார்ன் வரிசையில் நிற்கும் நேரத்தில். அதைக் கட்டிவிட்டால் ரெண்டரை மணி நேரமும் ஊதித் தள்ளலாம். புகைக்கும் காட்சி ஏன் தேவை என்று வலுவான காரணம் தர வேண்டும் என்றது 2011 விதி. நல்ல யோசனைதான். நடைமுறையில் அது "கதாபாத்திரத்தின் மன அழுத்தம்" என்று ஒரு வரிக் கடுதாசி. கருப்பனுக்கு என்ன மன அழுத்தமோ.

"அப்போ மொத்தமாகத் தடை செய்யலாமே" என்பவர்களுக்கு: செய்து பார்த்தாயிற்று. 2005-இல் அன்புமணி ராமதாஸ் மத்திய சுகாதார அமைச்சராக இருந்தபோது திரையில் புகைக்கவே கூடாது என்று விதி வந்தது. 2009 ஜனவரியில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதற்குப் பிறகு வந்த சமரசம்தான் இந்த வரி. 2013-இல் அமெரிக்க இயக்குநர் வூடி ஆலன் தன் படத்தில் இந்த எழுத்து வரக்கூடாது என்று இந்தியாவில் வெளியிடவே மறுத்தார். நம் சினிமாக்காரர்களுக்கு அந்தச் சொகுசு கிடையாது. புகையிலையைப் படத்திலிருந்தே துடைத்து எடுப்பதன் அழகை பாரிஸில் பார்க்கலாம்: 2009-இல் ஒரு கண்காட்சிப் போஸ்டரில் பிரெஞ்சு நகைச்சுவை நடிகர், இயக்குநர் ஜாக் தாத்தியின் வாயில் இருந்த பைப்பை எடுத்துவிட்டு மஞ்சள் காகிதக் காற்றாடியை வைத்தார்கள். நம் டிவியில் மங்கலாக்குவதும் அதே ரகம். சிகரெட்டை அழிக்கலாம், மூக்கிலிருந்து வரும் புகையை அழிப்பது பெரும்பாடு. கடைசியில் விரல் ரெண்டும் ஒன்றுமில்லாததைப் பிடித்தபடி நிற்கும், மனுஷன் காரணமில்லாமல் புகைந்துகொண்டிருப்பான்.

இன்னொரு கோஷ்டி நம் சினிமாக்காரர்கள் பக்கமே இருக்கிறது: "சினிமா பார்த்து எவனும் ஊதக் கற்றுக்கொள்வதில்லை." தயவுசெய்து இதைச் சொல்லாதீர்கள். திரையில் புகைப்பதைப் பார்ப்பதற்கும் இளையவர்கள் தொடங்குவதற்கும் காரணத் தொடர்பு இருக்கிறது என்று அமெரிக்க அரசின் தலைமைப் பொது சுகாதார மருத்துவரான சர்ஜன் ஜெனரலின் அறிக்கை 2012-இலேயே சொல்லிவிட்டது. தொடர்பு இல்லையென்றால் 1989 ஜேம்ஸ் பாண்ட் படத்துக்கு ஒரு சிகரெட் கம்பெனி எதற்காக மூன்றரை லட்சம் டாலர் கொடுத்தது? அன்பளிப்பா?

போஸ்டருக்கான விதியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விளம்பரங்களில் புகைக்கும் படமே கூடாது, முடிந்தது. 2018-இல் 'சர்கார்' முதல் பார்வைக்கு தமிழக சுகாதாரத் துறை நோட்டீஸ் விட்டதும் படத்தை எடுத்தார்கள் அல்லவா? சரியான வேலை. போஸ்டருக்குக் கதை கிடையாது, ஸ்டைல் மட்டும்தான். அந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட விதி படத்துக்குள் வந்ததும் ஏன் குருடாகிறது என்பதுதான் கேள்வி.

"உங்களுக்கு வேலைப் பளு, அதனால் புலம்பல்" என்று நேற்று ஒருவர். ஆமாம் சார், பளுதான். ஷூட்டிங்கில் புகையிலை இல்லாத மூலிகை சிகரெட் என்று கொடுப்பார்களே, அதிலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் உண்டு. பத்தாவது டேக்கில் நடிகருக்குத் தொண்டை போய்விடும். ஷாட்டுக்கு ஷாட் நீளம் மாறித் தெரியக்கூடாது என்ற கன்டினியூட்டிக்காக முழுசு, பாதி, கால் என்று மூன்று நீளத்தில் வெட்டி வைத்துக்கொண்டு ஒரு உதவியாளர் நாள் முழுக்க அந்தப் புகையில் நிற்பார். அவருக்கு எந்த எச்சரிக்கை வரியும் ஓடாது. அவரைத்தான் "பசங்களைக் கெடுக்கும் சினிமாக்காரன்" என்கிறீர்கள்.

பசங்களை யார் கெடுப்பது? பாக்கெட்டின் 85 சதவீதப் பரப்பில் புண்ணான தொண்டைப் படம் போட வேண்டும் என்று 2016-இல் வந்தது. பெட்டிக்கடையில் ஒத்தை சிகரெட் வாங்குகிற பையன் அந்தப் பாக்கெட்டைக் கையிலேயே தொடுவதில்லை. 2016-17 கணக்கெடுப்பில் இந்தியாவின் வயது வந்தவர்களில் புகைப்பவர்கள் 10.7 சதவீதம், மெல்லுகிறவர்களும் மூக்கில் போடுகிறவர்களும் 21.4 சதவீதம். ஏறக்குறைய ரெட்டிப்பு. வாயில் அடக்கி வைப்பதைத் திரையில் எத்தனை ஹீரோ ஸ்லோ மோஷனில் செய்கிறார்? அந்தக் கூட்டத்துக்கு விளம்பரம் வேறு கதவு வழியாகப் போகிறது. ஏலக்காய், பான் மசாலா என்ற பெயரில், பெரிய பெரிய நட்சத்திரங்கள் கோட் சூட்டில் வந்து, கிரிக்கெட் ஓவருக்கு ஓவர். அதில் புகையிலை இல்லை. அதனால் வரியும் இல்லை. பெயரும் டப்பாவும் மட்டும் மெல்லும் புகையிலையில் பார்த்துக் கொஞ்சம் பழகினதாக இருக்கும்.

அந்த ஸ்க்ரீன்ஷாட்டை முதலில் போட்ட தம்பிக்கு ஒன்று. அதே காட்சியை நானும் டிவியில் பார்த்தேன். எச்சரிக்கை வரிக்கும் கீழே, சேனல்காரன் திரையின் அடியில் ஓட்டும் விளம்பரப் பட்டையில் (ஆஸ்டன் பேண்ட்), வெள்ளித்தாள் சுற்றிய ஏலக்காய் விளம்பரம் ஒன்று மினுங்கிக்கொண்டிருந்தது. நீ போட்டதில் அது இல்லை. க்ராப் பண்ணும்போது அதை மட்டும் ஏன்டா வெட்டினாய்?