பழைய பங்குக் கோவிலை இடிக்கத் தீர்மானம் போடுகிறவர்களுக்கு

ஊரின் கத்தோலிக்கப் பங்குக் கோவிலை (தேவாலயத்தை) இடிக்க வேண்டும் என்று பேச்சு வந்தால் முதலில் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றுதான்: இடம் பத்தவில்லை. சரி, வருடத்தில் எத்தனை நாள் பத்தவில்லை? கிறிஸ்துமஸ் இரவு, பாஸ்கா (ஈஸ்டர்) இரவு, ஊர்த் திருவிழாவின் கடைசி நாள். மற்ற ஞாயிறுகளில் பின்பக்கத்துப் பாய்கள் சுருட்டியபடியே கிடக்கின்றன. அந்த இரண்டு மூன்று இரவுக்குக் கோவில் முற்றத்தில் பந்தல் போட்டால் போதாதா? நம் தாத்தாக்கள் அதைத்தான் செய்தார்கள். ஆனால் ஒன்று, பந்தலில் உபயதாரர் பெயரைக் கல்வெட்டாகப் பதிக்க முடியாது.

அடுத்த காரணம் விரிசல். இதை மட்டும் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும், ஏனென்றால் பாதிக் கோவில்கள் இந்தப் பொய்யால்தான் விழுகின்றன.

தெற்கே கிராமங்களில் நாம் பார்க்கும் பழைய கோவில்கள் பல, இன்றைய உருவத்தில் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. 1773-ல் சேசு சபை (ஜெசுவிட் குருக்களின் சபை) கலைக்கப்பட்டதும், அவர்கள் நடத்திவந்த மதுரை மிஷன் ஆளில்லாமல் தவித்தது. 1830-களின் கடைசியில் பிரெஞ்சு சேசு சபைக் குருக்கள் வந்த பிறகுதான், மண்சுவரும் கூரையுமாக இருந்த கோவில்கள் மெல்ல மெல்லச் செங்கல்லுக்கும் சுண்ணாம்புக்கும் மாறின. வரைபடம் அவர்கள் ஊரிலிருந்து வந்தது, கை வேலை நம் கொத்தனார்களுடையது. சிவகங்கை மாவட்டத்து இடைக்காட்டூரில் 1894-ல் எழுந்த திரு இருதயக் கோவிலைப் போய்ப் பாருங்கள். பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மனதில் வைத்துக் கட்டியது. அங்கே கல்லில் செதுக்கிய கூர்வளைவுகளை இங்கே செங்கல்லிலும் சுதையிலும் கொண்டு வந்திருக்கிறார்கள். வைகைக் கரையோரத்து வயல்களுக்கு நடுவே அது நிற்கிறது.

இந்தச் சுவர்கள் சுண்ணாம்புச் சாந்தில் நிற்பவை. நம் கொத்தனார்கள் அதில் கடுக்காய் ஊறிய தண்ணீர், கருப்பட்டி என்று ஊருக்கு ஒரு பக்குவம் வைத்திருந்தார்கள். சுண்ணாம்பு ஈரத்தை உள்ளே வாங்கும், வெயிலில் வெளியே விடும். கட்டடம் லேசாக அசைந்தால் அதுவும் கூடவே கொஞ்சம் வளைந்து கொடுக்கும். மயிரிழை விரிசல்களில் மழைநீர் இறங்கும்போது சுண்ணாம்பு கரைந்து திரும்பப் படிந்து, தானாகவே ஓரளவு அடைத்தும் கொள்ளும். இப்படிப்பட்ட சுவரில் "பலப்படுத்துகிறோம்" என்று சிமெண்டைப் பூசி, மேலே எனாமல் பெயிண்டும் அடித்தால் என்ன ஆகும்? தரையிலிருந்து ஏறும் ஈரத்துக்கு வெளியேற வழியில்லை. ஜன்னலுக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், பெயிண்ட் கொப்பளித்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். நகத்தால் சுரண்டினால் வெள்ளையாக உப்பு உதிரும். உள்ளே செங்கல் மாவாகிக்கொண்டிருக்கும். பத்து வருடம் கழித்து எஞ்சினியர் வந்து பார்த்து, "சுவர் போச்சு ஃபாதர்" என்பார். நூறு வருடம் போகாத சுவர் அந்தப் பத்து வருடத்தில் ஏன் போனது என்று யாரும் கேட்பதில்லை.

கூரையைப் பிரிக்கும்போது மங்களூர் ஓடு இருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். பாசல் மிஷன் முத்திரை இருந்தாலும் இருக்கும். 1865-ல் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய புராட்டஸ்டண்ட் மிஷன் அது. புராட்டஸ்டண்டுகளும் கத்தோலிக்கரும் முகம் கொடுத்துப் பேசாத காலத்தில், கத்தோலிக்கப் பூசைக்கு மழை ஒழுகாமல் காத்தது அவர்கள் சுட்ட ஓடாக இருந்திருக்கலாம்!

மூன்றாவது காரணம் கொஞ்சம் படித்தவர்கள் சொல்வது: "வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பழைய பீடம் ஆகாது." 1962 முதல் 1965 வரை உலகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடி நடத்திய அந்தச் சங்கத்தின் தலையில் எத்தனை கடப்பாரைப் பழியைப் போடுவது! குருவானவர் மக்களைப் பார்த்துப் பூசை வைக்க, முன்னால் ஒரு புதுப் பீடம் போதும். பின்சுவரில் இருக்கும் பழைய மரப் பீடமும், சுரூபங்கள் (புனிதர் சிலைகள்) வைக்கும் கூடுகளும் அதற்கு எந்த இடைஞ்சலும் செய்யவில்லை. அதே சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு, 126-ஆம் எண்ணில், கோவிலின் மதிப்புள்ள கலைப்பொருள்கள் கைமாறிப் போகாமலும் அழியாமலும் ஆயர்கள் விழிப்பாகப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறது. அதை யாரும் பிரசங்கத்தில் சொல்லிக் கேட்டதில்லை.

பழைய கோவில் என்றாலே புனிதம், அழகு என்று உருகுகிற ஆள் நான் இல்லை. அசிங்கமும் அந்தச் சுவர்களில்தான் இருக்கிறது. நெல்லை மாவட்டத்து வடக்கன்குளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தேவசகாயம் பிள்ளை 1745-ல் ஞானஸ்நானம் பெற்ற ஊர். 2022-ல் அவர் புனிதரானபோது நாம் எல்லோரும் பெருமைப்பட்ட ஊர். அங்கே 1872-ல் முடிந்த திருக்குடும்பக் கோவிலுக்கு இரண்டு நீண்ட கூடங்கள். இரண்டும் பீடத்தருகே வந்து சேரும். ஒன்று வேளாளருக்கு, மற்றது நாடாருக்கு, நடுவே தடுப்பு. பீடத்தில் நிற்கும் சாமியாருக்கு இரண்டு கூட்டமும் தெரியும், அவர்களுக்கு ஒருவரை ஒருவர் தெரியாது. கால்சட்டை வடிவக் கோவில் என்று சொல்வார்கள். 1910-ல் சேசு சபைக் குரு கௌசானல் அடிகள் காலத்தில் தடுப்பு அகற்றப்பட்டது. எதிர்த்தவர்கள் வழக்குப் போட்டார்கள். அது சென்னை உயர்நீதிமன்றம் வரை போய், கோவிலுக்குள் சாதிப்படி தனி இடம் உரிமை என்று கேட்க முடியாது என்று தள்ளுபடியானது.

தடுப்பை உடைத்தது நூற்றுக்கு நூறு சரி. ஆனால் அந்த இரண்டு கால் கட்டடம் இருக்க வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அது போய் அங்கே ஒரு கான்கிரீட் மண்டபம் வந்துவிட்டால், "நம்ம கோவில்ல சாதியெல்லாம் என்னைக்குமே இருந்ததில்ல" என்று அடுத்த தலைமுறையிடம் கூசாமல் சொல்லிவிடலாம். வடக்கன்குளத்துக்கு ஒரு வழக்காவது இருக்கிறது. சிலுவை வடிவக் கோவிலின் ஒரு கையில் தலித் மக்களை ஒதுக்கி உட்கார வைத்த ஊர்கள் எத்தனை! அந்தக் கோவில்களில் பக்கவாட்டு வாசல் யாருக்காக வைத்தது என்று பெரியவர்களைக் கேட்டால் பேச்சை மாற்றுவார்கள். வாசல் அங்கேயே இருந்தால் கேள்வியும் இருக்கும்.

பக்கத்துப் பங்கில் நூறடிக் கோபுரம் கட்டிவிட்டார்கள் என்பதுதான் பல ஊர்களில் உண்மையான காரணம். அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இனி உங்கள் பங்குப் பேரவையில் இந்தப் பேச்சு வந்தால் சில விஷயங்களைக் கேளுங்கள். பழமையாலோ கலையாலோ பக்தியாலோ சிறப்புப் பெற்ற சுரூபங்களைப் பழுதுபார்க்கக்கூட ஆயரின் எழுத்துமூல அனுமதி வேண்டும், அவர் நிபுணர்களைக் கலந்து கொள்ளவும் வேண்டும். திருச்சபைச் சட்டம் 1189 இது. தகரப் பெயிண்டால் மாதா முகத்துக்கு ரோஸ் பவுடர் போட்டவர்கள் எந்த அனுமதி வாங்கினார்கள்? விரிசலைப் பார்க்க வந்தவர் சுண்ணாம்பு வேலை தெரிந்தவரா? செட்டிநாட்டுப் பக்கம் அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒருவரைக் கூட்டிவந்து காட்டச் சொல்லுங்கள். அப்புறம், தேக்கு உத்தரம், வாசல் கதவு, பாவசங்கீர்த்தனத் தொட்டி (பாவ அறிக்கை கேட்கும் மரக்கூடு), பழைய மணி இவையெல்லாம் இடித்த பிறகு யார் வீட்டுக்கு, எந்தக் கடைக்குப் போகும் என்பதைத் தீர்மானத்திலேயே எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.