பிஎச் டவுன் விக்கிறதுக்கு முன்னாடி ஃபில்டர் பெட்டியைத் திறந்து பாருங்கய்யா!

"தொட்டியில பிஎச் 8.2 காட்டுது, நியான் டெட்ரா எல்லாம் நிறம் வெளுத்துப் போச்சு." கோலாலம்பூர்ல மீன் கடையில போய் இதைச் சொன்னா, பல இடத்துல ஒரே பதில்தான்: "பிஎச் டவுன் ஊத்துங்க அண்ணே." பிஎச்ங்கறது தண்ணி புளிப்பா, காரமான்னு காட்டுற எண்; பிஎச் டவுன்ங்கறது அதை இறக்க ஊத்துற பாட்டில் அமிலம். ஃபில்டருக்குள்ள என்ன இருக்குன்னு கேக்குறது இல்ல. கேஎச் (தண்ணியில கரைஞ்சிருக்கற பைகார்பனேட் அளவு) எவ்வளவுன்னும் கேக்குறது இல்ல. மேல்பெட்டி ஃபில்டர்ல ஒரு பை நிறைய பவளக்கல் சில்லு போட்டு வித்ததே அவங்கதான்! ஏத்திவிடுற கல்லையும் வித்துட்டு, இறக்குற பாட்டிலையும் விக்கிறதுக்குப் பேரு வியாபாரமா?

பவளக்கல் முழுக்க கால்சியம் கார்பனேட். அது கொஞ்சம் கொஞ்சமா கரைஞ்சு தண்ணியில பைகார்பனேட்டைச் சேர்க்கும். கேஎச்ன்னு அளக்கறது அதைத்தான். இந்த நிலையில பாட்டில் அமிலத்தை ஊத்தினா, அமிலம் பைகார்பனேட்டோட சேர்ந்து கரியமில வாயுவா மாறும், பிஎச் அப்பவே 7க்கு இறங்கும். கடைக்காரர் சொன்னது சரிதான்னு தோணும். ராத்திரியெல்லாம் காத்துக்குழாய் ஓடி அந்த வாயு வெளியேறினதும், மறுநாள் திரும்ப 8 பக்கம் வந்து நிக்கும். அதுலயும் கொடுமை, புளிச்ச தண்ணியில பவளக்கல் இன்னும் வேகமாக் கரையும். திரும்ப ஊத்தறோம், திரும்ப ஏறுது. 8.2ல நிலையா இருந்தா பிழைச்சுக்கற மீன், இந்த ஏத்த இறக்கத்துல செத்துப்போகுது. பாட்டில்ல இருக்கறது பாஸ்பாரிக் அமிலமா இருந்தா பாசியும் போனஸா வரும்.

இன்னொரு பொய் சமாதானம்: "கேஎல் தண்ணியே அப்படித்தான், பத்துமலை சுண்ணாம்பு." பத்துமலை சுண்ணாம்புக்கல் மலைதான், யாரும் மறுக்கல. ஆனா பைப்புல வர்றது பெரும்பாலும் ஆத்துத் தண்ணி. இங்க சிலாங்கூர் ஆறு, பினாங்குல மூடா ஆறு. ரெண்டுமே மென்மையான தண்ணி, அதாவது சுண்ணாம்புச் சத்து கம்மி. சுத்திகரிப்புல பிஎச்சைச் சரிபண்ண சுண்ணாம்பு சேர்ப்பாங்க, அதனால பைப்பைத் திறந்த உடனே அளந்தா கூடக் காட்டலாம். மலேசியக் குடிநீர்த் தரமே 6.5லிருந்து 9.0 வரை அனுமதிக்குது. தண்ணி மேல பழி போடுறதுக்கு முன்னாடி ரெண்டு வாளியில பிடிச்சு ரெண்டுலயும் காத்துக்கல் போடுங்க. ஒண்ணு வெறும் தண்ணி, இன்னொண்ணுல தொட்டியில இருக்கற மணல், கல் ஒரு கைப்பிடி. வெறும் தண்ணியை 24 மணி நேரம் கழிச்சு அளங்க, அதுதான் உங்க பைப்புத் தண்ணியோட உண்மையான பிஎச். கல் போட்ட வாளியை ஒரு வாரம் விட்டு அளங்க. அது மட்டும் ஏறியிருந்தா, குத்தவாளி யாருன்னு தெரிஞ்சுபோச்சு.

கல்லைத் தனியாச் சோதிக்கணும்னா, காயவெச்சு, மேல்பக்கத்தைக் கீறி, அதுல வினிகர் சொட்டு விடுங்க. நுரைச்சா தொட்டிக்கு ஆகாது. அழகுக்குன்னு தோட்டக் கடையில வாங்குற வெள்ளைச் சலவைக்கல் சில்லு, சிப்பி, சங்கு எல்லாமே இந்தக் கணக்குதான். வீட்டுத் தண்ணி ஃபில்டர்ல ஆல்கலைன் குழல் (பிஎச்சை ஏத்துற குழல்) மாட்டியிருந்தா, அந்தக் குழாய்த் தண்ணியைத் தொட்டிப் பக்கமே கொண்டு வராதீங்க.

அளக்கற விஷயத்துலயும் ஏமாத்து. பிஎச் 6.0லிருந்து 7.6 வரை மட்டுமே காட்டுற சோதனைச் சொட்டு மருந்தைக் கையில திணிச்சு அனுப்புறாங்க. 8.4 இருந்தாலும் அது 7.6 நீலத்துலயே நிக்கும். 7.4க்கு மேல காட்டுற மருந்தும், கூடவே கேஎச் மருந்தும் கேட்டு வாங்குங்க. 5 மில்லி தண்ணியில நீலம் மஞ்சளா மாற எத்தனை சொட்டோ, அத்தனை டிகிரி கேஎச். பேனா மீட்டர்னா, பிஎச் 6.86ன்னு குறிச்சிருக்கற சரிபார்ப்புத் தூளைக் கரைச்சுச் சரிபண்ணாம அது காட்டுற எண்ணை நம்பாதீங்க. செடித் தொட்டியில காலையில குறைவாவும் சாயங்காலம் கூடுதலாவும் காட்டும், தினமும் ஒரே நேரத்துல அளங்க.

காரணம் பவளக்கல்தான்னு தெரிஞ்சதும் கோவத்துல மொத்தத்தையும் ஒரே நாள்ல அள்ளிக் கொட்டிடாதீங்க. நல்ல பாக்டீரியா அதுலதான் குடியிருக்கு. பாதியை எடுத்துட்டு அந்த இடத்துல செராமிக் வளையம் போடுங்க, மூணு வாரம் கழிச்சு மீதி. வாரம் 20 விழுக்காடு தண்ணி மாத்துங்க, குளோரினை நீக்குற மருந்து கலந்து. நம்ம மென்தண்ணியே கேஎச்சை மெல்ல இறக்கிடும், ஒரு பாட்டிலும் வேணாம். கேஎச் 3, 4 வந்தா போதும். 2க்குக் கீழ போனா பிஎச் ஒரேயடியாச் சரியும், அப்ப ஒரு ஸ்பூன் பவளக்கல்லைத் திரும்பப் போடுங்க. பிஎச்சை இறக்கப் போடுற கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை நல்லதுதான், ஆனா கேஎச் 8 இருக்கற தண்ணியில பத்து இலை போட்டாலும் தண்ணி பழுப்பாகும், பிஎச் எண் அசையாது.

கப்பி, மோலி, லோஹான் வெச்சிருக்கறவங்களுக்கு 7.8 ஒரு நோயே இல்ல. அவங்க கிட்டயும் பாட்டிலை விக்கிறதுதான் வயித்தெரிச்சல்.

பிஎச் ஏறி நிக்கிற தொட்டியில உடனே கவனிக்க வேண்டியது, மீன் கழிவுலயும் மிச்சத் தீனியிலயும் வர்ற அம்மோனியா. 28 டிகிரி வெப்பத்துல, பிஎச் 7ல மொத்த அம்மோனியாவுல விஷமா இருக்கறது சுமார் 0.7 விழுக்காடு, பிஎச் 8ல சுமார் 6.5. அதனால கல்லை எடுத்து முடிக்கிற வரைக்கும் தீனியைப் பாதியாக் குறைங்க, ரெண்டு நாளுக்கு ஒருதரம் அம்மோனியா அளங்க. ஏறினா அன்னிக்கே தண்ணி மாத்துங்க.