மனசுக்குள் உச்சரிப்பது குறை இல்லை

"மனசுக்குள் உச்சரிக்காமல் கண்ணால் மட்டும் பார்த்தால் நிமிடத்துக்கு 1000 சொல் படிக்கலாம், புரிதல் குறையாது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகும் தம்பி தங்கைகள் தயவுசெய்து இதை நம்ப வேண்டாம்.

கையை நீட்டிக் கட்டைவிரலைப் பாருங்கள். ஏறத்தாழ அந்த அகலத்துக்குத்தான் கண்ணுக்கு எழுத்து கூர்மையாகத் தெரியும். முழு வரியையும் ஒரே பார்வையில் அள்ள முடியாது. வாசிப்பை ஆராய்ந்த உளவியலாளர் கீத் ரேனரின் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பும் இதைத்தான் சொல்கிறது: வேகத்தை இரண்டு மூன்று மடங்காக்கினால் புரிதல் அடிவாங்கும். உள்ளே ஒலிக்கும் குரல் புரிதலுக்குத் துணை. அதை அடக்கினால் சிக்கலான பத்தி கைநழுவிப் போகும்.

ஆங்கிலத்தில் கட்டுரை வாசிப்பின் சராசரியே நிமிடத்துக்கு 238 சொல்தான். அந்தக் கணக்கையும் தமிழுக்கு அப்படியே எடுத்துவர முடியாது. "போகவேண்டியிருந்திருக்காது" என்பதைப் பாருங்கள். நமக்கு ஒரே சொல், ஆங்கிலத்தில் ஐந்தாறு. மறுப்பு இருப்பதோ கடைசி இரண்டு எழுத்தில்! கண் அதைத் தாண்டிப் போனால் பொருளே தலைகீழ்.

செய்தித்தாளை மேலோட்டமாகப் புரட்டுவது வேறு, அது பயனுள்ள பழக்கம்தான். பாடத்துக்கு அது உதவாது. அரசியலமைப்பில் அடிப்படை உரிமைகளைச் சொல்லும் 12 முதல் 35 வரையிலான பிரிவுகளை முதல் முறை படிக்கும்போது ஊர்ந்துதான் போவீர்கள். மூன்றாம் முறை தானாகவே வேகம் வரும், ஏனென்றால் அந்தச் சொற்கள் அதற்குள் உங்களுக்குப் பழகியிருக்கும்.