டயப்பர் புண்ணில் நீலகிரித் தைலம் வேண்டாம்

டயப்பர் புண்ணில் தேங்காய் எண்ணெயோடு நாலு சொட்டு நீலகிரித் தைலம் கலந்து தடவினால் ஒரே இரவில் ஆறிவிடும், கோத்தகிரிப் பக்கம் எல்லோரும் செய்வதுதான் என்று ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. நம் மலையில் காய்ச்சுவது என்பதாலேயே தைலம் கைக்குழந்தையின் தோலுக்கு ஏற்றதாகிவிடாது. தோல் உரிந்து நீர் கசியும் இடத்தில் அது கடுமையாக எரியும் என்பதோடு, குழந்தையின் கைவழியே வாய்க்குள் போனால் மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய்விடக்கூடும்.

முதலில் வேண்டியது ஈரமின்மை. குளிருக்குப் பயந்து இரவு முழுவதும் ஒரே டயப்பரோடு கம்பளியில் சுற்றிப் படுக்கவைப்பதே இங்கே பாதித் தொல்லைக்குக் காரணம் என்பேன். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சால், தேய்க்காமல் ஒற்றித் துடைத்து, நன்கு உலர்ந்தபின் ஜிங்க் ஆக்சைடு களிம்பைத் தோல் தெரியாத அளவுக்குத் தடிமனாகப் பூச வேண்டும். அடுத்த முறை மாற்றும்போது மலம் பட்ட மேற்பூச்சை மட்டும் எடுத்தால் போதும், அடிவரை சுரண்ட வேண்டியதில்லை. பவுடர் வேண்டாம், அது மூச்சில் போகும்.

தொடை மடிப்புக்குள்ளும் சிவந்து, சுற்றிலும் சிறு சிவப்புப் புள்ளிகள் சிதறியிருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று. அதற்கான க்ளோட்ரிமசோல் போன்ற களிம்பை மருத்துவர் சொல்லித்தான் பூச வேண்டுமே தவிர, வீட்டில் கிடக்கும் ஸ்டீராய்டு கலந்த ட்யூபை எடுக்கக் கூடாது. கொப்புளம், சீழ், காய்ச்சல் இவற்றில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.