வாளியில் விட்ட குஞ்சு எங்கே போய்ச் சாகிறது?

பிள்ளைகள் சால்மன் மீன்குஞ்சு விடும் அந்த வீடியோவை, சியாட்டில் தமிழர்களான நம் வட்டத்தில் பார்க்காதவர்கள் இருக்க மாட்டீர்கள். அவர்கள் வாளி வாளியாகக் குஞ்சைத் தண்ணீரில் விட்டதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கீழே எழுதியிருந்த வரிதான் உறுத்தியது: "கரையை இடித்து மாற்றக் கோடிக்கணக்கில் செலவு எதற்கு? ஒரே காலையில் நாங்கள் சால்மனைக் காப்பாற்றிவிட்டோம்." நான் நாலு வரி மறுத்து எழுதியதும் "குழந்தைகள் சந்தோஷத்தைக் கெடுக்கிறவன்" என்று பட்டம் கட்டிவிட்டார்கள். நாலு வரி போதவில்லை போலிருக்கிறது, விரிவாகவே எழுதுகிறேன்.

குஞ்சு விடுவது மீட்புத் திட்டம் ஆகாது. மீன் எந்த இடத்தில், எந்த மாதத்தில், எதனால் சாகிறது என்று கண்டுபிடித்து அந்த இடத்தைச் சரிசெய்வதுதான் மீட்புத் திட்டம்.

சால்மனில் ஒரு வகை சினூக். சியாட்டிலை ஒட்டிய பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியின் சினூக், அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் இனமாக 1999இல் அமெரிக்க அரசின் பட்டியலில் சேர்ந்தது. லேக் வாஷிங்டன் ஏரி, சீடர் ஆறு, சம்மாமிஷ் ஆகியவற்றின் நீர்ப்பிடிப்புப் பகுதிக்காக உள்ளாட்சிகள் கூடி 2005இல் திட்டம் போட்டு, 2017இல் புதுப்பித்தார்கள். அதைப் புரட்டினால் குஞ்சைவிடக் கரை, நிழல், வெப்பம், வெள்ளம் பற்றித்தான் அதிகம் இருக்கும். காரணம் இருக்கிறது. சீடர் ஆறு முன்பு லேக் வாஷிங்டன் ஏரிக்குள் வரவே இல்லை. நூறு வருடம் முன்பு ஆற்றை ஏரிக்குத் திருப்பினார்கள். ஏரியைக் கடலோடு இணைக்கக் கப்பல் கால்வாய் வெட்டியதில் ஏரி மட்டம் சுமார் 9 அடி இறங்கி, பழைய வடிகாலான பிளாக் ஆறு வறண்டது. சீடரில் பிறக்கும் குஞ்சு இன்று ஓர் ஏரியையும் ஒரு கால்வாயையும் கடந்துதான் கடலைப் பார்க்க வேண்டும்.

சினூக் முட்டையிடுவது பெரும்பாலும் அக்டோபரில், ஆற்றின் சரளைக்குள். இரண்டு பக்கமும் கரைகட்டி ஆற்றைக் குறுக்கினால் குளிர்கால வெள்ளம் பக்கவாட்டில் பரவ முடியாமல் அடியைச் சுரண்டும், முட்டையும் சரளையோடு போய்விடும். அதனால்தான் கரையைப் பின்தள்ளி வெள்ளத்துக்கு இடம் விடுகிறார்கள். கரையைத் தொடாமல், மீன் ஒதுங்கட்டும் என்று மரத்தை மட்டும் ஆற்றில் போட்டால், அடுத்த வெள்ளத்தில் அது பாலத்தில் போய்ச் சிக்கும்.

பிழைத்த குஞ்சு ஜனவரியிலிருந்து ரெண்டன் பக்கம் ஏரியின் தென்முனைக்கு வருகிறது. விரல் நீளம்கூட இருக்காது. முழங்கால் ஆழத்துக்கும் குறைவான தண்ணீரில், மெல்லச் சரியும் மணலிலும் பொடிச் சரளையிலும்தான் அது நிற்கும். ஆனால் ஏரிக்கரையில் பத்தில் ஏழு பங்கு கல்லும் கான்கிரீட்டுமாகச் சுவர் வைத்துக் கட்டியது. சுவரடியில் ஆழம் சட்டென்று கூடுவதால் பெரிய மீன்கள் கரை வரைக்கும் வந்துவிடுகின்றன. படகுத்துறையின் அடர்ந்த நிழலைக் கண்டால் குஞ்சு விலகி ஆழத்துக்குப் போகிறது. அங்கே குஞ்சைத் தின்னும் கட்த்ரோட் டிரௌட், பைக்மின்னோ, பாஸ் மீன்கள் எல்லாம் காத்திருக்கின்றன. துறையில் இரவெல்லாம் விளக்கு எரிந்தால் வேட்டை இன்னும் சுலபம்.

செலவு இங்கேதான் ஆகிறது. சுவரை எடுத்து, சரிவைத் தணித்து, சரளை கொட்டி, கரையோர வில்லோ செடிகளை நட வேண்டும். துறையின் பலகையைக் கழற்றிவிட்டு வெளிச்சம் கீழே இறங்குகிற கிரேட்டிங் (துளையுள்ள தட்டி) போட வேண்டும். சரளை ரொம்பப் பொடியாக இருந்தால் அலை அள்ளிக்கொண்டு போகும். நட்ட செடிக்கு முதல் இரண்டு மூன்று கோடை தண்ணீர் ஊற்றாவிட்டால் பிளாக்பெர்ரி முள் வந்து மூடிவிடும். பராமரிப்புக்குப் பணம் ஒதுக்காத திட்டங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் படுத்துவிடுகின்றன.

அடுத்தது வெப்பம். திரும்பி வரும் பெரிய மீன், கால்வாய் கடலைத் தொடும் பாலர்ட் லாக்ஸ் மதகுகளில் குளிர்ந்த உப்புத் தண்ணீரிலிருந்து நேராக 20 டிகிரி செல்சியஸைத் தாண்டிய நன்னீருக்குள் ஏற வேண்டும். நடுவில் படிப்படியாகப் பழகிக்கொள்ள ஒரு கழிமுகம்கூட இல்லை. ஆற்றில் செத்து ஒதுங்கிய பெண் மீனின் வயிற்றைக் கணக்கெடுப்பவர்கள் கீறிப் பார்ப்பது இதற்காகத்தான். வயிறு காலியாக இருந்தால் முட்டையிட்டு முடித்துச் செத்திருக்கிறது. முட்டை அப்படியே நிறைந்திருந்தால் அத்தனை தூரம் வந்தும் ஒன்றும் இடாமலே செத்திருக்கிறது. சில ஆயிரம் முட்டைகள். இதை வாளியால் எப்படிச் சரிசெய்வது?

"ஹேட்சரியே வேண்டாம் என்கிறாயா?" மீன்குஞ்சு பொரிக்கும் பண்ணைதான் ஹேட்சரி; அது வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. இந்த மண்ணின் பூர்வகுடியான மக்கிள்ஷூட் மக்களுக்கு, அமெரிக்க அரசோடு செய்த 1855 ஒப்பந்தப்படி மீன்பிடி உரிமை இருக்கிறது. மீன் இல்லாமல் அந்த உரிமை வெறும் காகிதம். வாழிடத்தைக் கெடுத்தது அவர்கள் இல்லை. ஹேட்சரி வேண்டும். ஆனால் மீட்பைக் கணக்கிடும்போது ஆற்றில் தானாகப் பிறந்து திரும்பிய மீனைத்தான் எண்ண வேண்டும். ஹேட்சரி மீனின் முதுகில் வால் பக்கம் இருக்கும் சின்னத் துடுப்பை நறுக்கி விடுவதே பிரித்துப் பார்க்கத்தான்.

"நிறைய விட்டால் நிறையத் திரும்பும்" என்கிறவர்கள், சால்மனின் இன்னொரு வகையான சாக்கையைப் பாருங்கள். 3 கோடியே 40 லட்சம் குஞ்சு வரை பொரிக்கும் அளவுக்குச் சீடர் ஆற்றில் 2011இல் ஹேட்சரி கட்டினார்கள். ஆனாலும் 2006க்குப் பிறகு லேக் வாஷிங்டனில் பொழுதுபோக்குச் சாக்கை மீன்பிடிப்பு திறக்கவே இல்லை. குஞ்சுக்கா பஞ்சம்? ஏரியும் கால்வாயும் அல்லவா கொல்கின்றன!

செலவு அதிகம்தான். அதற்கு மேல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமை இல்லை.

ஒரு கமெண்ட்தான் மனதை விட்டுப் போகவில்லை: "பிழைக்க வந்த இடத்தில் உனக்கு எதுக்கு இந்த ஊர் மீன்?" எழுதியவரும் தமிழர்தான். இங்கே வீடு வாங்கி, வரி கட்டி, பிள்ளைகளைப் படிக்கவைக்கிறோம். சியாட்டில் குழாய்த் தண்ணீரில் பெரும்பங்கு சீடர் ஆற்றுடையது. அந்தத் தண்ணீரைக் குடிக்கலாமாம், அதில் இருக்கிற மீனைப் பற்றி மட்டும் பேசக்கூடாதாம். இதைக் கேட்கவே வேதனையாக இருக்கிறது.

அடுத்த பொதுக்கூட்டத்துக்குப் போகிறவர்கள் எத்தனை குஞ்சு விட்டீர்கள் என்று கேட்காதீர்கள். தென்முனையில் எத்தனை அடி சுவர் எடுத்தீர்கள், நட்ட செடிக்கு மூன்றாவது வருடம் யார் தண்ணீர் ஊற்றுவது, பிப்ரவரியிலிருந்து மே வரை துறை விளக்குகளை இரவில் அணைக்க முடியுமா, நறுக்காத துடுப்போடு எத்தனை திரும்பின என்று கேளுங்கள்.