குடும்பப் பெயரைக் காட்டினால் பிரெஞ்சு பாஸ்போர்ட்டா?

“புதுச்சேரி, காரைக்காலில் பிரெஞ்சு குடும்பப் பெயர் வைத்திருப்பவர்கள் எல்லாம் பிரெஞ்சுக்காரர் வம்சம். பெயரைக் காட்டினாலே பாஸ்போர்ட்” என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறது. இரண்டுமே தவறு.

அந்தப் பெயர்களில் பல வந்த வழியே வேறு. 1881 செப்டம்பர் 21ஆம் தேதி வந்த ஆணைப்படி, பிரெஞ்சு இந்தியாவில் (பிரான்ஸ் ஆண்ட புதுச்சேரி, காரைக்கால் போன்ற பகுதிகளில்) இருந்தவர்கள் தங்கள் சாதி, மத வழக்கச் சட்டத்தைக் கைவிட்டு பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். அப்படி வந்தவர்கள், அப்பா பெயரின் முதலெழுத்தோடு நிற்காமல், தலைமுறைக்கும் தொடரும் ஒரு குடும்பப் பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். வக்கீல் பொன்னுத்தம்பிப் பிள்ளை எடுத்த பெயர் ‘லபோர்த்’. பிரெஞ்சில் ‘கதவு’ என்று பொருள். அவர் அசல் தமிழர்தான். நிஜமான கலப்பு வம்சங்களும் உண்டு. ஆனால் பெயரை மட்டும் வைத்து அதைச் சொல்ல முடியாது.

பாஸ்போர்ட் விஷயம் 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த, அந்தப் பகுதிகளை பிரான்ஸ் இந்தியாவிடம் ஒப்படைத்த ஒப்பந்தத்தைப் பொறுத்தது. அங்கே பிறந்து அங்கேயே வசித்தவர்கள் இந்தியக் குடிமக்கள் ஆனார்கள்; பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்றவர்கள் 6 மாதத்துக்குள் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. உங்கள் தாத்தா பாட்டி எழுதிக் கொடுத்தார்களா என்பதுதான் முதல் கேள்வி, பெயர் அல்ல.

பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸில் உள்ள கடல்கடந்த பகுதிகளின் ஆவணக் காப்பகம், பழைய பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தேடும்போது எழுத்துக்கூட்டலைக் கவனியுங்கள்: ‘முருகன்’ அங்கே ‘மு’வுக்கும் ‘ரு’வுக்கும் ‘ou’ சேர்ந்து, கடைசியில் ஒரு ‘e’யும் ஒட்டி ‘Mourougane’ என்று நிற்பார்.

அந்தச் செய்தி வந்தால் ஃபார்வர்ட் செய்யாதீர்கள்.